ஜீனோ பேசிய தமிழ், கணினி விழுங்கிய தமிழ்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து நீட்டிவிட்டேன். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

தமிழ் பேசிய இயந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நாய். பெயர் ஜீனோ. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது பிறந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் நாடகத் தொடராகவும் வந்தது. இன்று ஐம்பதைத் தொடும் என் பழைய மாணவர்கள் பலருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும்.

தெரியாத இளையவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். குடிமக்கள் எல்லோருக்கும் எண் உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டு எழுத்தைத் தாண்டக்கூடாது. அதனால்தான் நிலா, சிபி, ரவி, மனோ, ஜீனோ. காணாமல் போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது இந்த இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கிண்டல் பேசும், போகப்போக மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கும். கடைசியில் அந்த ஜீவாவே வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவரும். (படிக்காதவர்கள் மன்னிக்கவும். இத்தனை வருடம் கழித்தும் முடிவைச் சொல்லக்கூடாது என்றால் எப்படி?)

எங்கள் காஞ்சிபுரத்தில் இந்தத் தொடரைப் பலர் பார்க்கவில்லை. கேட்டார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நாங்கள் இருப்பது சுமார் 75 கி.மீ. தள்ளி. ஆரம்ப காலத்தில் படம் தெரிய வேண்டுமானால் மொட்டைமாடியில் கொடிமரம் மாதிரி இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்ட வேண்டும். மேலே ஒருவன் திருப்புவான், கீழே இருந்து "தெரியுது, தெரியுது... அய்யோ போச்சு" என்று இன்னொருவன் கத்துவான். 1979-இல் அத்திவரதர் எழுந்தருளியபோது டிவி உள்ள வீடுகளை எங்கள் பகுதியில் விரல்விட்டு எண்ணலாம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணம் வந்தது. அதன் பிறகுதான் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களில் ஒவ்வொன்றாகப் பெட்டி நுழைந்தது.

நெசவாளர் வீட்டில் தறிதான் முன்கட்டை நிரப்பிக்கொண்டு நிற்கும். டிவியும் அங்கேயே ஒரு மூலையில். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் இழையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் ஜரிகை தப்பும். ஆகவே காதால்தான் நாடகம். அதற்கு முன் இலங்கை வானொலியைக் கேட்டுப் பழகிய காதுகள். ஜீனோவை வைத்து யார் எப்படி ஆட்டினார்கள், அரங்கம் அட்டையா தகரமா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அறிவியல் தொடர்களை இன்றும் நான் அப்படித்தான் அளக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கதை நிற்கிறதா? அமெரிக்கக்காரன் கோடி கோடியாகக் கொட்டி எடுத்த சில தொடர்கள் இந்தச் சோதனையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

ஜீனோவுக்கு முன்னாலும் நாங்கள் விண்வெளிக்குப் போய் வந்தவர்கள்தான். எண்பதுகளில் ஞாயிறு காலையில் தூர்தர்ஷன் 'ஸ்டார் டிரெக்' போட்டது. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடி முடிந்த தொடர், ஒருவழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஜப்பானிய 'ஜயன்ட் ரோபோ' வந்தது. 1989-இல் இந்தியில் 'இந்திரதனுஷ்'. பிறகு 1998-இல் 'கேப்டன் வ்யோம்'. இந்தி தெரியாத என் வகுப்புப் பையன்கள் கேப்டன் வ்யோமைப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வார்கள். ஆளுக்கு ஒரு கதை இருக்கும்.

ஸ்டார் டிரெக்கில் என்னைக் கட்டிப்போட்டது கப்பலின் கணினி. அதிகாரி சும்மா வாயால் கேட்பார், அது பதில் சொல்லும். வேற்றுக்கிரகவாசி பேசினால் அதை மொழிபெயர்க்க ஒரு கருவி. யார் எந்த மொழியில் பேசினாலும் இயந்திரத்துக்குப் புரியும் என்பதை அந்தத் தொடர் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நம்முடைய ஜீனோவும் அப்படியே. அதற்குத் தமிழ் யார் கற்றுக்கொடுத்தது, எந்த எழுத்துருவில் படித்தது என்று கதையில் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் கதை ஓடாது என்பது வேறு விஷயம்.

பிறகு 1993-இல் சன் டிவி வந்தது. 'மர்மதேசம்' வந்தது, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் நாகா இயக்கியது. அதை நானும் விழுந்து விழுந்து பார்த்தேன். ஆனால் ஜீனோ போட்ட பாதையில் தமிழ்த் தொலைக்காட்சி அதிகம் நடக்கவில்லை. மாமியார் வீட்டுப் பாதை அகலமாக இருந்தது. போகட்டும்.

ஜீனோவைப் படைத்தவரின் பிழைப்பே இயந்திரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் அங்கே உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு. பனையோலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த குடவோலை முறையைப் பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் எங்கள் மாவட்டம். அந்தக் கல்வெட்டை மாணவர்களுக்குக் காட்டப் போகும்போதெல்லாம், ஜீனோவின் அப்பாதான் இந்தக் குடத்தின் பேரனையும் செய்தார் என்று சொல்வேன். பையன்கள் கல்வெட்டை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

இனி நிஜ இயந்திரத்துக்கு வருவோம். ஜீனோ வாய் நிறையத் தமிழ் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் எங்கள் ஊர் அச்சகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வந்து சேர்ந்தது. அதற்குத் தமிழில் 'அ' கூடத் தெரியாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். கணினியின் தாத்தா ஏற்கெனவே எங்கள் தெருவில் இருந்தார், தறியின் தலைக்கு மேலே. ஜக்கார்டு பெட்டி. பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் முழுமைப்படுத்தியது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஆம், இல்லை. ஒன்று, பூஜ்யம். அதற்கு முன்பு காஞ்சியில் 'அடை' கட்டி டிசைன் போட்டார்கள். இழைகளை நூலால் கட்டி வைத்து, வேண்டியதை மட்டும் பக்கத்தில் ஓர் ஆள் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஜக்கார்டு வந்ததும் அந்த ஆளின் வேலையை அட்டை வாங்கிக்கொண்டது.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படத்தை ஆசையோடு வைத்திருந்தார். அதை நெய்ய சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் துளையட்டை கொண்டு எண்ணினார். பிற்பாடு பல பத்தாண்டுகள் கணினிக்கு நிரல் எழுதியதும் துளையட்டையில்தான்.

அட்டையில் ஒரு துளை தப்பாக விழுந்தால் சேலை முழுவதும் அந்த இடத்தில் அன்னப்பட்சிக்குக் கண் இருக்காது, அல்லது இரண்டு மூக்கு இருக்கும். நெசவாளர் என்ன செய்வார்? ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை தடவித் துளைமேல் ஒட்டுவார், வேலை தீர்ந்தது. கணினிக்காரர்கள் மென்பொருள் கோளாறைச் சரிசெய்ய அனுப்புவதை 'பேட்ச்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இப்படித் துளையட்டையிலும் துளைநாடாவிலும் ஒட்டுப்போட்டதிலிருந்து வந்ததுதான். எங்கள் ஆட்கள் ஒட்டும் ஒட்டுக்குப் பசைதான் வேண்டும். இப்போது என் கைபேசிக்கு இரவு 2 மணிக்கு வரும் ஒட்டுக்கு இரண்டு ஜிபி வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் நேற்று இருந்த பொத்தான் இருந்த இடத்தில் இல்லை. யாரைக் கேட்டு நகர்த்தினார்கள்?

சரி, தமிழ் எழுத்துக்கு வருவோம்.

பழைய தட்டச்சு இயந்திரத்தில் சிக்கல் இல்லை. விசையைத் தட்டினால் காகிதத்தில் எழுத்து பதிந்துவிடும், அவ்வளவுதான். கணினி எழுத்தை வைத்திருப்பதில்லை, எண்ணை வைத்திருக்கிறது. அன்றைய கணினியில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 256 எண்கள் அடங்கும். முதல் பாதியில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் 128. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்தம் தனி. எப்படி அடைப்பது? கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக்கி அடைத்தார்கள். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, லை, ணை போன்றவற்றின் பழைய தும்பிக்கை வடிவத்தை விட்டொழித்தது இங்கே பெரிதாகக் கைகொடுத்தது. (தும்பிக்கை போட்டுப் பழகிய கையை மாற்ற நாங்கள் பட்ட பாடு தனிப் பதிவு.)

ஆனால் எந்தத் துண்டுக்கு எந்த எண் என்று பேசி முடிவு செய்ய யாரும் இல்லை. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்துக்கொண்டார். 'பாமினி' எழுத்துரு தட்டச்சு விசைகளை ஒட்டி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. அதில் 'அம்மா' என்று எழுதி, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். அம்மாவைக் காணோம். வேறு சில எழுத்துருக்களில் எழுதியது தலையில் கொண்டையும் காலில் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ஒரு அச்சகத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு அச்சகத்தில் திருத்த முடியாது. நான் தயாரித்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு அந்த எழுத்துரு இருக்கும் கடையைத் தேடி நான்கு ராஜவீதியும் சுற்றியிருக்கிறேன்.

இதைத் தீர்க்க முனைந்தவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் ஆசிரியர் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997 மே மாதம் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. நம் இனத்து ஆள், வாத்தியார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். பழைய இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதும் அவர் முன்னின்றுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடி, 'தமிழ்99' விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் தரமாயின. இணையத்தில் இயங்கியவர்கள் தங்களுக்குள் பேசித் 'தகுதரம்' என்ற இன்னொன்றை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். ஒன்றாவது வேண்டும் என்று ஏங்கிய மொழிக்கு மூன்று கிடைத்தது. சுஜாதா அந்த ஆண்டுகளில் தமிழும் கணினியும் பற்றித் தம் பத்திகளில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தக் குழப்பத்தின் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது என்னுடைய ஒரு கோப்பு.

1998 கோடை விடுமுறை. பிள்ளையார்பாளையத்தில் எழுபது கடந்த ஒரு நெசவாளர் எனக்கு நெருக்கம். ஜீனோவைக் காதாலேயே முழுக்கக் கேட்டு முடித்தவர். "அந்த நாய் பேசுதே, அதுக்கு நம்ம தறிப் பேச்சு புரியுமா வாத்தியாரே?" என்று ஒருமுறை கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தினம் சாயங்காலம் அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். பாவு, ஊடை, விழுது, நாடா, மிதி, படைமரம், தார் என்று எல்லோருக்கும் தெரிந்ததில் தொடங்கினோம். கரை வகைகள் வந்தன: மயில்கண், ருத்ராட்சம், வைர ஊசி, தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு. பிறகு அகராதியில் இல்லாதவை வந்தன. இழை அறுந்தால் ஒரு சொல், அறுபடப் போகிறது என்று கைக்குத் தெரிந்தால் வேறு சொல். மழைநாளில் பட்டு ஈரம் குடித்து இறுகினால் அதற்கொன்று. ஏழு வாரத்தில் 412 சொற்கள். பொருளோடு எழுதி, தட்டச்சு செய்யும் கடை ஒன்றில் கொடுத்தேன். நெகிழ்வட்டில் பதிந்து கொடுத்தார்கள். நோட்டு கடையிலேயே தங்கிவிட்டது, கொஞ்ச நாளில் கடையும் இல்லாமல் போனது.

நெகிழ்வட்டில் பூஞ்சை பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, அதிலிருந்ததை வேறொரு மையத்தில் புதிய கணினிக்கு மாற்றி, குறுந்தகட்டில் போடச் சொல்லி வாங்கி வைத்தேன். பெரியவர் 2003-இல் காலமானார். 2006-இல் அவர் பேத்தி கல்லூரியில் ஏதோ கட்டுரைக்காகக் கேட்க, குறுந்தகட்டைத் திறந்தேன். கொண்டை போட்ட ஐரோப்பிய எழுத்துகள். அது எதிர்பார்த்ததுதான். எழுத்துருவைத் தேடிப் போட்டதும் தமிழ் தெரிந்தது. ஆனால் ஆங்காங்கே கேள்விக்குறிகள்.

என்ன நடந்தது என்று பிறகு என் மாணவன் ஒருவன் விளக்கினான். அந்த எழுத்துரு ஐந்து எழுத்துகளை, விண்டோஸ் தன் அட்டவணையில் காலியாக விட்டிருந்த ஐந்து எண்களில் வைத்திருந்தது. மாற்றிக் கொடுத்த மென்பொருள் அந்த எண்களைப் பார்த்து, 'இப்படி ஒரு எழுத்தே உலகத்தில் இல்லை' என்று முடிவுகட்டி, ஐந்தையும் ஒரே கேள்விக்குறியாக்கிவிட்டது. யாரையும் கேட்கவில்லை, எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை. வெற்றிகரமாக முடிந்தது என்று மட்டும் சொல்லியிருக்கும். ழு, ணு, று, டி, ளு. இந்த ஐந்தில் எது எங்கே இருந்தது என்று இனி எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. 'வி?து' என்றால் விழுது, நமக்குத் தெரியும். தெரியாத சொல்லில் ஒரு கேள்விக்குறிக்கு ஐந்து வாய்ப்பு, இரண்டு இருந்தால் 25.

கைலாசநாதர் கோயிலில் பல்லவ கிரந்தத்தில் வெட்டியதைப் படிப்பதற்கு 1300 வருடம் கழித்தும் ஆள் இருக்கிறார்கள். என் கோப்புக்கு எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. வயிறு எரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இதற்குள் யூனிகோடு வந்துவிட்டிருந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அட்டவணை. தமிழுக்கு 128 இடம் கொண்ட கட்டம் 1991-லேயே ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துருவோடு சாதாரண ஆளின் கைக்கு வந்தது. 2010-இல் தமிழக அரசும் ஏற்றது. இன்று இந்தப் பதிவு உங்கள் கைபேசியில் கேள்விக்குறி இல்லாமல் தெரிவது அதனால்தான். அதற்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கும்பிட்டுவிட்டு, தமிழாசிரியரின் புகாரையும் பதிவு செய்கிறேன். இந்திய அரசின் பழைய குறியீட்டு முறையை, தேவநாகரியை மனதில் வைத்துச் செய்ததை, அடியொற்றியதால் யூனிகோடு 'க'வை அடிப்படை என்கிறது. 'க்' என்பது க-வும் ஒரு புள்ளியும் சேர்ந்த இரண்டு. தொல்காப்பியர் காலம் தொட்டு நாம் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று சொல்லிக்கொடுக்கிறோம், கணினி தலைகீழாகச் சொல்கிறது. 'காஞ்சிபுரம்' என்று எழுதி மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். ஆறு என்று சொல்லும். கணினி 11 என்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பும் குறுஞ்செய்தியில் தமிழுக்கு 70 இடம்தான், அதிலும் இப்படிக் கணக்குப் போட்டால் நாம் எழுதுவது எவ்வளவு?

இந்தக் கணக்கில் ஜீவாவின் சட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு இடத்துக்கு மேல் பெயர் கூடாது. நிலா: நான்கு இடம். ஜீனோ: நான்கு. ரவி: மூன்று. ஜீவா என்ற பெயரே நான்கு. சர்வாதிகாரியின் படிவமே சர்வாதிகாரியை ஏற்றிருக்காது. 'ஜய' என்று யாராவது இருந்தால் பிழைத்திருப்பார்கள்.

அந்தக் கதையில் ரோபோ நாயைவிட இந்தப் பெயர்ச் சட்டம்தான் எதிர்காலத்தைச் சரியாக மோப்பம் பிடித்தது என்பது என் கட்சி. இயந்திரத்துக்கு வசதியாக மனிதன் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். திசைதான் மாறிவிட்டது. அவர்கள் பெயரைக் குறுக்கச் சொன்னார்கள், நம் மென்பொருள்கள் நீட்டச் சொல்கின்றன. 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட படிவத்தின் முன் உட்கார்ந்த தமிழர் எவரும் இதை மறக்க மாட்டார். தலைப்பெழுத்தோடு நூறு வருடம் நிம்மதியாக இருந்தோம். இப்போது என் மாணவி ஒருத்தி ஓர் ஆவணத்தில் தன் பெயர் மட்டும், இன்னொன்றில் அப்பா பெயர் முன்னால், மூன்றாவதில் தன் பெயரே இரண்டு முறை என்று மூன்று ஆளாக இருக்கிறாள். வெளிநாட்டு வேலைக்கு மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கினோம்.

அறிவியல் தொடர்களில் கதவருகே கையை வைத்ததும் திறந்துகொள்ளும். ஓர் அலுவலகத்தில் வயதான நெசவாளர் ஒருவர் கைரேகைக் கருவியில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்ததை நின்று பார்த்தேன். ஐம்பது வருடம் பட்டிழையும் ஜரிகையும் ஓடிய விரல், ரேகை மழுங்கியிருக்கிறது. "மறுபடி முயலவும்" என்றது திரை. எண்ணெய் தடவிப் பாருங்கள், கழுவிப் பாருங்கள் என்று ஆளுக்கு ஒரு யோசனை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "சேலையைக் கொண்டாந்து காட்டினா ஒத்துக்குமா சார், அதுல என் கை இருக்கே" என்றார். அன்று அந்த மேசையில் இருந்த பெண் நல்லவர். வேறு வழியில் பதிந்து அனுப்பினார்.

என் கோப்புக்குத் திரும்புகிறேன். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைத் தன்னார்வலர்கள் இலவசமாகவே கொடுத்திருந்தார்கள். பழைய முறையில் 'கெ'வுக்குக் கொம்பு முதலில், யூனிகோடில் கொம்பு பின்னால் என்பதையெல்லாம் அவை கவனித்து மாற்றிவிடும். 412 சொற்களில் 375 முழுசாக வந்தன. கேள்விக்குறி விழுந்தவை 37. நெசவுக் குடும்பத்து மாணவர்கள் நாலைந்து பேர் வீடு வீடாகப் போய்ப் பாட்டிகளிடம் பொருளைச் சொல்லிக் கேட்டு 34-ஐ மீட்டார்கள். ஒரு பாட்டி கேள்வியை முடிக்கும் முன்பே சொல்லைச் சொல்லிவிட்டு, "இதுக்கா கம்ப்யூட்டரு?" என்றாராம்.

2017-இல் தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதி கைபேசிக்கு வந்ததும் நான் முதலில் சொல்லிப் பார்த்தது இந்தப் பட்டியலைத்தான். 'சேலை' வந்தது. 'தறி' வந்தது. 'பாவு' என்றேன், 'பாவம்' என்று எழுதியது. அகராதியில் ஏறாத சொற்களைச் சொன்னபோது பக்கத்துச் சினிமாப் பெயர்களைப் போட்டுப் பார்த்தது. பெரியவர் கேட்டாரே, தறிப் பேச்சு புரியுமா என்று. எழுத்தில் எங்கும் இல்லாத சொல் எந்த இயந்திரத்துக்கும் போய்ச் சேராது. மீட்ட 409 சொற்களையும் அடுத்த வாரத்திலிருந்து பொருளோடு இங்கே பகுதி பகுதியாகப் போடுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பாக்கி மூன்று. பொருள் பட்டியலில் நல்லபடியாக இருக்கிறது, சொல்தான் ஓட்டை.

முதலாவது: 'ந?வாங்கி'. பாவு தறியில் ஏறும்போது சிக்கெடுக்க உதவும் சின்ன மூங்கில் குச்சி.

இரண்டாவது: 'கு??'. கோர்வைச் சேலையில் எதிர்ப்பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தரும் சிறுவன், தூக்கம் வந்து ஒரு முறை தவறவிட்டால் அந்த இடத்தில் விழும் குறைக்குப் பெயர். 25 வாய்ப்பையும் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் என் காதுக்குச் சொல்லாகப் படவில்லை.

மூன்றாவது: '?க்காசு'. சேலை அறுத்து இறக்கும் நாளில் அந்தச் சிறுவனுக்குத் தனியாகக் கொடுக்கும் காசு.

பிள்ளையார்பாளையத்துப் பழைய மாணவர்களே, வீட்டில் எண்பதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து பொருளை மட்டும் சொல்லிக் கேளுங்கள். கேள்விக்குறியைக் காட்டாதீர்கள், குழம்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே குரலாகப் பதிந்து அனுப்பினால் போதும், எழுதிக்கொள்வது என் வேலை.